அளவறிந்து விற்கும் ஊர்

எங்கள் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு ‘அ, ஆ’ வருவதற்கு முன்னால் 142 வந்துவிடும். கம்பத்தில் காலை டீக்கடையில் பேப்பரை விரிக்கிறவர் ராசிபலன் பக்கம் போக மாட்டார். முல்லைப் பெரியாறு அணை இன்றைக்கு எத்தனை அடி என்றுதான் தேடுவார். 110 என்றால் ஒரு பெருமூச்சு. 130 என்றால் இன்னொரு டீ. 142 என்றால் அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொட்டு நிற்கக் கூடாது. தேக்க முடிவது என்னவோ 152 அடி வரைக்கும். 1979இல் அதை 136 ஆக்கினார்கள். 35 வருட இழுபறிக்குப் பிறகு, 2014 மே 7 அன்று, 142 வரை போகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லையைத் தொட ஓர் அங்குலம் இருக்கும்போது எப்படி நிற்பது என்பதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அணையிடம் படித்தோம்.

அதனால்தான், வருடத்துக்கு இத்தனை லட்சம் வரை விற்றால் ஜிஎஸ்டி நம்பர் எடுக்க வேண்டியதில்லை என்று அரசாங்கம் ஒரு கோடு போட்டபோது, அந்தக் கோட்டின் அருமையை எங்களைப்போல் யாரும் உணர்ந்திருக்க மாட்டார்கள் என்று சொல்கிறேன்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது அந்தக் கோடு 20 லட்சத்தில் இருந்தது. 2019 ஏப்ரல் 1 முதல், சரக்கு மட்டும் விற்கிறவர்களுக்கு 40 லட்சம் ஆனது. சேவைத் தொழில் செய்கிறவர்களுக்கு 20 லட்சமே நின்றுவிட்டது. தெருவோரத்துச் சின்னக் கடைக்காரரைக் கணக்கு, ரிட்டர்ன், ஆடிட்டர் என்று அலைய விடக் கூடாது என்கிற தாயுள்ளம்தான் காரணம். தாய் ஊட்டினால் பிள்ளை வளரும் என்பது பழைய வழக்கம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள், வளர்ந்துவிட்டால் தாய் ஊட்டுவதை நிறுத்திவிடுவாளே என்று வளர்வதையே நிறுத்திக்கொண்டார்கள். இப்படி நன்றியுள்ள பிள்ளைகளை வேறு எந்தச் சட்டம் பெற்றிருக்கும்?

கணக்கு எளிது. நாளொன்றுக்கு 10,958 ரூபாய்க்கு விற்றால் 365 நாளைக்கு 39,99,670 ரூபாய். நீங்கள் உத்தமர், உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். 10,959 ரூபாய்க்கு விற்றால் 40,00,035. கோடு தாண்டிவிட்டீர்கள். நடுவில் நிற்பது நாளுக்கு ஒரே ஒரு ரூபாய், ஒரு தேன்மிட்டாயின் விலை. லீப் வருடம் வந்தால் 10,958-உம் ஆபத்து: 366 நாளைக்கு 40,10,628 ஆகிவிடும். பிப்ரவரி 29 அன்று கடை அடைப்பதுதான் அறம். பஞ்சாங்கத்தில் ராகுகாலம், எமகண்டம் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போட்டால் வியாபாரிகளுக்கு உதவியாக இருக்கும்.

கூடலூர் பக்கம், குமுளி போகிற சாலையோரத்தில், எனக்குப் பழக்கமான நேந்திரம் சிப்ஸ் கடை ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயர் வெளியே தெரியாமல் இருப்பதுதான் அந்தக் கடையின் தொழில் ரகசியம்.

கடைக்கார அண்ணன் வேலை செய்வதை நின்று பார்க்கலாம். தோல் உரித்த நேந்திரங்காயைக் கொதிக்கிற எண்ணெய்க்கு நேர் மேலே சீவுகட்டையில் வைத்துத் தேய்ப்பார். காசு காசாக விழும். மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து விடுவார். சட்டி சடசடவென்று கத்தும். அவர் சட்டியைப் பார்க்கவே மாட்டார். காது மட்டும் அங்கே இருக்கும். சத்தம் மெல்லமெல்ல அடங்கி, கடைசியில் ஒரு முணுமுணுப்பாக நிற்கிற நொடியில் சாரணியை விட்டு அள்ளுவார். ஒரு நொடி முந்தினால் சதசதப்பு, ஒரு நொடி பிந்தினால் கருகல். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். அந்த ஞானத்தை அவர் சட்டியோடு விட்டுவிடவில்லை.

கார்த்திகையும் மார்கழியும் அவருக்கு வெள்ளக்காலம். சபரிமலைக்குப் போகிற சாமிமார் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். சாதாரண நாளில் எட்டாயிரம் ரூபாய்க்கு ஓடுகிற கடையில் அந்த இரண்டு மாதமும் கல்லா மூடாது. தை பிறந்ததும் பழைய டைரி ஒன்றை எடுத்து வைத்துக் கூட்டுவார். அதில் வலது ஓரத்தில் ஒரு பத்தி இருக்கும்: ‘மிச்சம்’. நானும் முதலில் லாபக்கணக்கு என்றுதான் நினைத்தேன். இல்லை. 40 லட்சத்தைத் தொட இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு. லாபத்தைப் பார்த்து மகிழ்கிற வியாபாரி உலகமெங்கும் உண்டு. மிச்சத்தைப் பார்த்து மகிழ்கிறவரை நான் எங்கள் ஊரில்தான் கண்டேன். மனம் போதும் என்று சொல்கிற எல்லையை முனிவர்கள் வருடக்கணக்கில் தவம் இருந்து தேடினார்கள். இவருக்கு அது அறிவிக்கையில் அச்சாகியே வந்துவிட்டது.

மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு நாளில் திரும்புவார்கள். இந்த அண்ணன் ‘மிச்சம்’ குறைவான வருடங்களில் பங்குனி வரைக்கும் குலசாமியை விட்டு வர மாட்டார். பக்தி இப்படி நிதியாண்டோடு சேர்ந்து வளர்ந்ததை வேறெங்கும் பார்க்க முடியாது. ஏப்ரல் 1 காலையில் கடை திறந்து, சாம்பிராணி போட்டு, சட்டியை ஏற்றுவார். பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்கு ஜூன் 1 அன்று தண்ணீர் திறப்பார்கள், 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதற்குக் காத்திருக்கும். எங்கள் கடைகளின் மதகு அதற்கு இரண்டு மாதம் முந்தியே திறந்துவிடும்.

அவருடைய கல்லாவுக்கு முன்னால் மூன்று கியூஆர் அட்டைகள் இருந்தன. முதல் அட்டை அவருடையது. இரண்டாவது அவர் வீட்டம்மா பேரில். மூன்றாவது அவர் தம்பி பேரில். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். காலையில் முதல் அட்டை, மதியத்துக்கு மேல் இரண்டாவது, விளக்கு வைத்ததும் மூன்றாவது. முறை வராத அட்டைகளின் மேல் சிப்ஸ் பொட்டலம் சாய்ந்திருக்கும். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிற பெட்டி ஒன்று முன்பு இருந்தது. ஊருக்கே கேட்கும்படி தொகையைச் சொல்வது அடக்கமான குடும்பத்துக்கு அழகில்லை என்று அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்.

ஒரே பான் எண்ணில் இந்தியா முழுக்க நடக்கிற விற்பனையெல்லாம் ஒரே கணக்கு என்று சட்டம் சொல்கிறது. ஆகவே எங்கள் ஊரில் பான் எண்கள் பெருகின. கூட்டுக் குடும்பம் சிதறிப்போகிறதே என்று பட்டிமன்றத்தில் கண்ணீர் விடுகிறவர்கள் ஒருமுறை எங்கள் கடைவீதிக்கு வர வேண்டும். மாமனார், மச்சினன், கல்லூரி போகிற மருமகன் என்று ஒரு சட்டியைச் சுற்றி ஒரு வம்சமே நிற்கிறது. ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய், ஒரே கரண்டி. அட்டைகளின்படி மூன்று தனித்தனிக் கடைகள். அதிகாரி வந்து அடுப்பை எண்ணினால் ஒன்றுதான் வரும் என்பது வேறு விஷயம். பாசத்தை அடுப்பை வைத்தா எண்ணுவது?

பெண்ணுக்குச் சொத்துரிமை, தொழிலுரிமை என்று எத்தனை பேர் எத்தனை காலம் போராடினார்கள். இந்தக் கோடு அதை ஒரே ராத்திரியில் நடத்திக் காட்டிவிட்டது. ஒருநாள் கடையில் மதினி நின்றார். “மதினி, கடை உங்க பேர்லயும் இருக்காமே?” என்று கேட்டேன்.

“அப்படித்தான் சொல்றாக தம்பி. எந்தக் கடைன்னுதான் எனக்குத் தெரியல” என்றார். சொல்லிவிட்டு உரிக்க வேண்டிய காய்க்குலை பக்கம் போய்விட்டார். தான் முதலாளி என்பது தனக்கே தெரியாத அளவுக்கு எளிமையான முதலாளியை எந்த மேலாண்மைக் கல்லூரியும் உருவாக்கவில்லை.

கோட்டின் நுட்பத்தையும் சொல்ல வேண்டும். 40 லட்சம் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. கடையில் ஐஸ்கிரீம் விற்றால், பான் மசாலா விற்றால், பீடி, சிகரெட் விற்றால் எல்லை மறுபடி 20 லட்சம்தான். மளிகைக் கடை மூலையில் குழந்தைகளுக்காக ஓர் ஐஸ்பெட்டி வைத்தவர், தன் உச்சவரம்பில் பாதியை அந்தப் பெட்டிக்குள் உருக விட்டவர் ஆகிறார். இதைத் தெரிந்து வைத்திருக்கிற கடைக்காரர் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். அறியாமல் செய்கிற தவத்துக்குப் பலன் கூடுதல் என்பார்கள்.

திராட்சைக்கு வருவோம். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் பந்தல்களில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் பழம் தொங்குகிற மண் இது. பச்சைப் பழத்துக்கு வரி இல்லை. பழம் மட்டும் வாங்கி விற்கிற வியாபாரி ஐந்து கோடிக்கு விற்றாலும் நம்பர் எடுக்க வேண்டியதில்லை. அவருக்கு ஒரு யோசனை வருகிறது என்று வையுங்கள்: மிஞ்சுகிற பழத்தைக் காயவைத்து உலர்திராட்சை ஆக்கலாமே, ரசம் பிழிந்து புட்டியில் அடைக்கலாமே என்று. 39 லட்சத்துக்குப் பழம், 2 லட்சத்துக்கு உலர்திராட்சை விற்றாலே போதும். வரியில்லாத பழத்தின் விற்பனையும் மொத்த விற்பனையில் சேரும். 41 லட்சம் ஆகிவிடும், பதிவுக்கு ஓட வேண்டும். வரி அந்த 2 லட்சத்துக்குத்தான் என்றாலும் ரிட்டர்ன் மொத்தக் கடைக்கும். யோசனையைக் கைவிட்டவர் பழத்தை அன்றைய விலைக்கே தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறார். பழம் பழமாகவே இருக்க வேண்டும். அதை வேறொன்றாக மாற்றி இயற்கையோடு விளையாடக் கூடாது என்று ஒரு வரிச் சட்டம் இத்தனை பரிவோடு பார்த்துக்கொள்வது பூமியில் அரிது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, இந்தச் சட்டம் எங்களுக்கு ஊட்டிய தேசப்பற்று. தேசம் என்றால் தமிழ்நாடு. கம்பத்திலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். குமுளி 25 கிலோமீட்டருக்குள். சென்னைக்கு அனுப்பினால் உள்ளூர் வியாபாரம், 40 லட்சம் வரை கேள்வி இல்லை. குமுளிக்கு ஒரே ஒரு மூட்டை சிப்ஸ் அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய வியாபாரம். வரிக்குரிய சரக்கு என்றால் முதல் ரூபாயிலிருந்தே நம்பர் வேண்டும். குமுளிக்காரர் பஸ் ஏறி வந்து, கடையில் நின்று, பையில் வாங்கிப் போனால் ஒன்றுமில்லை. அதே சிப்ஸை அதே மனிதருக்கு நாம் வண்டியில் ஏற்றி மலைமேல் கொண்டுபோய்க் கொடுத்தால் விவகாரம்.

இதன் அழகு வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. எங்கள் பள்ளத்தாக்குக்குக் கேரளம் வெளி மாநிலம் அல்ல, மாடி வீடு. விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டும் குமுளியும் ஏறும், பொழுது சாய இறங்கும். காய்கறி ஏறும், பழம் ஏறும், பால் ஏறும். மனிதர்கள் தினமும் ஏறி இறங்குகிற மலையில் சிப்ஸ் மட்டும் அடிவாரத்தில் நின்று மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. 2017 ஜூலையில் வணிகவரிச் சோதனைச்சாவடிகளை எடுத்துவிட்டார்கள், இனி நாடு முழுக்க ஒரே சந்தை என்றார்கள். எங்கள் கடைக்காரர்கள் பெருந்தன்மையாக அந்தச் சாவடியைத் தூக்கிக்கொண்டு வந்து தங்கள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அதற்குக் காவலும் அவர்களே, லஞ்சம் கேட்காத காவல்.

இவ்வளவு தியாகமும் எதைத் தவிர்ப்பதற்காக என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 40 லட்சத்தைத் தாண்டிவிட்டாலும், ஒன்றரைக் கோடி வரை விற்கிற சின்ன வியாபாரிக்கு இணக்க வரி என்று ஒரு பாதை இருக்கிறது. கடைவீதியில் அதற்கு ‘காம்போசிஷன்’ என்று பேர். விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அறிக்கை, வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன். 40 லட்சத்துக்கு 40,000 ரூபாய். 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 110 ரூபாய்கூட வரவில்லை. ஏழெட்டு டீக்காசு. ஆடிட்டருக்குக் கொடுப்பதைச் சேர்த்தாலும் இன்னும் கொஞ்சம் டீ. அந்த டீக்காசைக் காப்பாற்றத்தான் பங்குனியில் கடை அடைப்பு, மூன்று அட்டை, திருப்பூர்த் தம்பி, தான் முதலாளி என்று தெரியாத மதினி. ஒரு ரூபாய்க்காக ஒன்பது ரூபாயை இழக்கத் துணிகிறவனை உலகம் முட்டாள் என்னும். அது உலகத்தின் குறை.

நியாயமாகச் சொன்னால், அந்தப் பாதையிலும் அரசாங்கம் கொஞ்சம் முள் போட்டுத்தான் வைத்திருக்கிறது, அக்கறையோடு. இணக்க வரி கட்டுகிறவர் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது. வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழிக்கக் கூடாது. மாநிலம் தாண்டி விற்கக் கூடாது. குமுளி மறுபடியும் தூரமாகிவிடும். தான் இணக்க வரி கட்டுகிறவர் என்று கடைப் பலகையிலேயே எழுதி வைக்க வேண்டும். அவரிடம் வாங்குகிற பெரிய கடைக்கும் வரிக்கழிவு கிடைக்காது. சரி, முழுப் பதிவே எடுக்கலாம் என்றால் மாதாமாதம் இல்லாவிட்டால் காலாண்டுக்கொரு ரிட்டர்ன், தாமதித்தால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம். ஆனால் எங்கள் அண்ணனுக்கு உண்மையில் பயம் வரியைக் கண்டு இல்லை, அபராதத்தைக் கண்டும் இல்லை. “நம்பர் எடுத்தா இத்தனை வருஷமா எங்க இருந்தேன்னு கேப்பாங்கல்ல?” என்றார் ஒருமுறை, எண்ணெயைப் பார்த்துக்கொண்டே. ஒரு மனிதன் தான் இருப்பதற்காகவே வெட்கப்படும்படி ஒரு கோடு செய்யும் என்றால், அதன் சக்தியைத் தெய்வ சக்தி என்றுதான் சொல்ல வேண்டும்.

படிக்கட்டு கட்டத் தெரியாதவர்கள் இல்லை நம்மவர்கள். 1939இல் மதராஸ் மாகாணத்தில் ராஜாஜி அரசு பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மதுவிலக்கால் போன வருமானத்துக்கு ஈடு. அந்தச் சட்டத்தில் வருடத்துக்கு 10,000 ரூபாய்க்குக் கீழ் விற்றால் வரி இல்லை. 20,000 வரை விற்றால் மாதம் 5 ரூபாய், வேறு தொல்லை இல்லை. அதற்கு மேல் நூற்றுக்கு அரை ரூபாய். 20,000 விற்றவர் வருடத்துக்கு 60 ரூபாய் கட்டினார். அதைத் தாண்டியவர் 100 ரூபாய் கட்டினார். ஏறுகிறவனுக்கு முழங்கால் உயரத்தில் ஒரு படி. அந்தக் காலத்து ஆட்களுக்கு வியாபாரி ஏறுவான் என்ற மூடநம்பிக்கை இருந்திருக்கிறது. நாம் முன்னேறிவிட்டோம். படி வேண்டாம், சுவர் போதும்; இடிக்கிறது என்று சத்தம் வந்தால் சுவரை 20-இலிருந்து 40-க்கு உயர்த்திக் கட்டினால் ஆயிற்று.

இந்தப் பெருமை நமக்கு மட்டும் உரியது என்று சொல்லிவிடவும் முடியாது. பிரிட்டனில் மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு எல்லை 85,000 பவுனாக இருந்தது, 2024 ஏப்ரலில் 90,000 ஆனது. 2017இல் அங்கே வரி எளிமைப்படுத்தும் அலுவலகம் ஒரு படம் வரைந்து காட்டியது: எல்லைக்குச் சற்று கீழே தொழில்கள் திருவிழாக் கூட்டம்போல் நெரிகின்றன, எல்லை தாண்டியதும் தெரு வெறிச்சோடிவிடுகிறது. ஆக, எங்கள் அண்ணனுக்கு லண்டனில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குலசாமி இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

பெங்களூரு கொஞ்சம் பதற்றப்பட்டது. 2025 ஜூலையில், யுபிஐ மூலம் வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்த கர்நாடக வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி, பால் என்று வரியே இல்லாத சரக்கு விற்றவர்களுக்கும் போனது. ஒரே வாரத்தில் கடைகளில் கியூஆர் அட்டைகள் கிழிந்தன, ‘ரொக்கம் மட்டும்’ என்று அட்டைப் பலகைகள் தொங்கின. டிஜிட்டல் இந்தியாவின் தலைநகர் ஒரு வாரத்தில் சில்லறைக் காசுக்குத் திரும்பியது. பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம் என்று அரசு இறங்கி வர வேண்டியிருந்தது. செய்தி கூடலூர் வந்து சேர்ந்த அன்றைக்கு எங்கள் அண்ணன் மூன்று அட்டையையும் எடுத்துத் துணியால் துடைத்து உள்ளே வைத்தார். “சில்லறை இருந்தா குடுங்க சாமி, நெட்டு வேலை செய்யல” என்றார் அடுத்து வந்தவரிடம். நெட்டு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதே சாலையில், நூறடி தள்ளி, இன்னொருவர் இருந்தார். முறைப்படி நம்பர் எடுத்தவர். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பில் போட்டார். கூடலூரில் பில் போடுகிற சிப்ஸ் கடையை வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள், வாங்க இங்கே வந்தார்கள். இங்கே கிலோவுக்குப் பத்து இருபது ரூபாய் குறைவு. ஒழுங்காக நடப்பவன் தலையில் கூடுதல் சுமை வைக்கப்படும் என்பதை அந்த மனிதர் தன் கடையையே பாடப் புத்தகமாக வைத்து ஊருக்குக் கற்பித்தார். பாடம் முடிந்ததும் ஷட்டரை இறக்கினார். இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். கல்விக்காகத் தன்னைத் தந்தவர் என்று அவருக்கு ஒரு கல்வெட்டாவது வைக்கலாம்.

அண்ணனின் மகன் கோயம்புத்தூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தான். வந்த வேகத்தில் ஒரு காகிதத்தில் படம் எல்லாம் போட்டான்: காற்றுப் புகாத பை, பையின் மேல் பள்ளத்தாக்கின் பெயர், பின்னால் மலையின் கோடு. மதுரையில் ஒரு பெரிய கடையில் பேசியும் வைத்திருந்தான். மாதம் 300 கிலோ எடுத்துக்கொள்கிறோம், ஜிஎஸ்டி பில் மட்டும் இருக்க வேண்டும் என்றார்கள். கொச்சியிலும் கேட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு சட்டி, நாலு ஆள் போட்டால் முடியும் என்றான்.

அண்ணன் காகிதத்தை எண்ணெய்க் கையோடு வாங்கி நெடுநேரம் பார்த்தார். டைரியை எடுத்தார். மாதம் 300 கிலோ, வருடத்துக்கு 3,600 கிலோ. ‘மிச்சம்’ பத்தியில் அதற்கு இடம் இல்லை.

“நல்லாத்தாம்ப்பா இருக்கு. எதுக்கு வம்பு?” என்றார்.

அந்த நாலு ஆள் வேலைக்கு வரவில்லை. வராதவர்களுக்கு எந்தக் கணக்கிலும் பத்தி கிடையாது என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. மகன் கோயம்புத்தூருக்கே திரும்பிப் போய், பெரிய தின்பண்டக் கம்பெனி ஒன்றில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டான். அந்தக் கம்பெனி சிப்ஸ் இப்போது காற்றுப் புகாத பையில், ஜிஎஸ்டி பில்லோடு, கூடலூர் தாண்டி, குமுளி தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது. போகிற வண்டி அண்ணன் கடை வாசலில் நின்று டிரைவர் கால் கிலோ வாங்கிக்கொண்டு போகிறார். ரொக்கம்தான்.

போன பங்குனியில் அந்தப் பக்கம் போனேன். கடை அடைத்திருந்தது. திண்ணையில் அண்ணன் பேப்பரை விரித்து அணை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல் அவருக்குக் கோபம் வந்தது. “152 தேக்க வேண்டிய அணைய இன்னும் 142-லயே நிறுத்தி வச்சிருக்காங்க பாருங்க. பத்தடி தண்ணி! எத்தனை ஏக்கர் வெளையும்!” என்றார். 2011 டிசம்பரில் அணைக்காக இந்தப் பள்ளத்தாக்கே திரண்டு குமுளியை நோக்கி நடந்தபோது அவரும் நடந்தவர். போலீஸ் மறித்த இடத்தில் உட்கார்ந்து கோஷம் போட்டவர். கொள்ளளவு இருந்தும் தேக்க விடாமல் தடுப்பது அநியாயம் என்று இன்றைக்கும் யாரிடமும் வாதாடுவார்.

“ஆமாண்ணே, அநியாயம்தான்” என்றேன்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஏப்ரல் 1-க்கு இன்னும் எத்தனை நாள் என்று என்னிடம் கேட்டார்.